புள்ளி எழுத்திலிருந்து பேசும் கண்ணாடி வரை

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் குமணன்சாவடியைத் தாண்டினால் கரையான்சாவடி. ஆவடிக்குப் போகிற சாலை இங்கேதான் பிரிகிறது. காலையில் கம்பெனி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் மாநகரப் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் சந்திப்பு. தலைக்கு மேலே கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோவின் பாலம் போகிறது. ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில்களுக்காகப் போட்ட பாதை அது. கரையான்சாவடி பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு.

இந்தச் சந்திப்பை ஒட்டிய பூந்தமல்லியில் இரண்டு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. ஒன்று, பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி. இன்னொன்று, தேராதூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம். சற்றுத் தள்ளி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், நூம்பலில் 2017-ல் திறந்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்ணையும் கருவியையும் பற்றி இத்தனை அனுபவம் சேர்ந்த வட்டாரங்கள் தமிழ்நாட்டில் குறைவு.

மனிதத் திறனை இயந்திரம் பெருக்கப்போகிறது என்று இன்று உலகம் முழுக்கப் பேச்சு. மூளைக்குள் சில்லு, மரபணுத் திருத்தம், செயற்கை விழித்திரை, காதோடு பேசும் கண்ணாடி. இவையெல்லாம் வந்தால் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள இடைவெளி என்ன ஆகும் என்ற கவலையும் கூடவே எழுகிறது. இதை ஏதோ நாளைக்கு வரப்போகிற கேள்வியாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உடலின் திறனைக் கருவியால் கூட்டிக்கொள்வது என்பதைப் பார்வையற்றவர்கள் இருநூறு வருடங்களாக வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். கருவி எப்போது ஏற்றிவிடும், எப்போது கீழே தள்ளும் என்பதற்கான விடை இந்தச் சாலையிலேயே இருக்கிறது.

எழுத்து: அன்று

நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு பார்வையற்ற மாணவரின் பையில் இருந்த கருவிகள் இரண்டு. கட்டம் கட்டமாகத் துளை போட்ட ஒரு சட்டம், அதை ஸ்லேட் என்பார்கள். மரப்பிடி வைத்த ஓர் ஊசி, அது ஸ்டைலஸ். சட்டத்துக்கு இடையில் கெட்டியான தாளைச் செருகி, ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டிய புள்ளிகளைக் குத்த வேண்டும். குத்துவது வலமிருந்து இடமாக. தாளைத் திருப்பினால் புள்ளிகள் மறுபக்கம் புடைத்து நிற்கும். அவற்றை விரலால் இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். ‘அ’ என்பதற்கு ஒரே ஒரு புள்ளிதான். படிக்கும்போது அது கட்டத்தின் இடது மேல் மூலையில் இருக்கும், எழுதும்போது வலது மேல் மூலையில் குத்த வேண்டும். ஆக ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முகமாகப் பிள்ளைகள் மனதில் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் கன்றிப்போகும்.

அந்த ஆறு புள்ளி முறையை லூயி பிரெயில் 1824-ல் பாரிஸில் வகுத்தபோது அவருக்கு 15 வயது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது 1951-ல். அதற்கு முன்பு ஒவ்வொரு வட்டாரத்தில் ஒவ்வொரு முறை இருந்தது. எழுத்து என்ற கருவி கண்டுபிடிக்கப்பட்டதற்கும், அது நம் மொழிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததற்கும் நடுவே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இந்த இடைவெளியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கருவிகளிலும் இதே கதை வருகிறது.

பிரெயிலில் அச்சிட்டால் ஒரு பாடப்புத்தகம் பல தொகுதிகளாக விரியும். அலமாரி நிறையும், பிரதி கிடைக்காது. பள்ளிப் படிப்பையாவது பிரெயிலில் முடிக்கலாம். கல்லூரிக்குப் போனால் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். “அக்கா, இந்த ஒரு பாடத்தை மட்டும் வாசிச்சுக் குடுங்க” என்று விடுதிக்கு வரும் தன்னார்வலர்களிடம் கேட்டு, கேசட்டில் பதிந்து, தேர்வு வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். டேப் சிக்கிக்கொண்டால் பாடம் போச்சு. தேர்வறையில் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும். அவருக்குப் பாடம் தெரியாவிட்டால் சொன்ன விடை ஒன்று, எழுதிய விடை வேறொன்று.

அன்றைய ஏற்றத்தாழ்வு மிக எளிமையானது. வீட்டில் படித்தவர், வாசித்துக் காட்ட நேரம் உள்ளவர் ஒருவர் இருந்தாரா, இல்லையா? தாய் தகப்பன் இருவரும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணும் இல்லை, கண்ணுக்குப் பதிலாக ஒரு குரலும் இல்லை. 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த சென்னையின் பெனோ ஜெஃபைன் முழுமையாகப் பார்வையற்ற முதல் வெளியுறவு அதிகாரி. அம்மா மணிக்கணக்கில் வாசித்துக் காட்டியதும், கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும்தான் அவரைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தின. ஒரு பக்கம் அம்மாவின் குரல், மறுபக்கம் இயந்திரத்தின் குரல். இரண்டு காலங்களும் அவர் மேசையில் சந்தித்துக்கொண்டன.

எழுத்து: இன்று

அந்த மென்பொருளின் பெயர் ஜாஸ். அதை உருவாக்கியவர் டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வை இழந்தவர். விண்டோஸுக்கான ஜாஸ் 1995-ல் வந்தது. திரையில் இருப்பதையெல்லாம் அது பேசும். உலகமே திறந்துகொண்டது. ஆனால் உரிமத்தின் விலை பல பத்தாயிரம் ரூபாய். கணினியை விட அது பேசுவதற்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. பார்வையுள்ளவர் யாரும் திரையைப் பார்ப்பதற்கென்று தனியாகப் பணம் கட்டுவதில்லை. பார்வையற்றவர் மட்டும் கட்ட வேண்டும். இது நியாயமா என்று கேட்டவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். அவரும் பார்வையற்றவர். 2006-ல் அவர் என்விடிஏ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கி, இலவசமாகவே விட்டார். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இன்று தமிழ்நாட்டுப் பார்வையற்ற மாணவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. கணினிக்குள் இருந்த குரல் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. இப்போது பேருந்தில் ஒரு பார்வையற்ற மாணவர் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ இரைச்சல் போலத்தான் கேட்கும். அது தமிழ் வாக்கியம்தான். சாதாரணப் பேச்சைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டு, ஒரு சொல் விடாமல் உள்வாங்கிக்கொண்டிருக்கிறார். பழக்கத்தால் அந்தக் காது அடைந்திருக்கும் திறன் நம்மில் பெரும்பாலானோருக்குக் கிடையாது. மனிதத் திறன் பெருக்கம் என்று ஆய்வாளர்கள் எழுதுவதை நம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்துவிடலாம்.

குரல் இருந்தால் போதுமா? அது படிக்கிற மாதிரி எழுத்தும் இருக்க வேண்டுமே. யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ்க் கணினியில் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் பார்ப்பவருக்கு அழகாக ‘அம்மா’ தெரியும். திரைபடிப்பானுக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள் மட்டும்தான். எனவே அது “எம், கே, செமிகோலன், கே, ஹெச்” என்று படிக்கும். ஒரு முழுப் பாடமும் இப்படியே. பார்ப்பவருக்குத் தமிழ், கேட்பவருக்கு வெறும் ஓசை. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அந்த ஆணையைத் தமிழ் வளர்ச்சி என்ற கணக்கில் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பார்வையற்ற தமிழருக்கு அது எழுத்தறிவுச் சட்டம் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. சுற்றறிக்கையை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைப் படமாகப் பிடித்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றும் வழக்கம் அலுவலகங்களில் இன்றும் இருக்கிறது. திரைபடிப்பான் அந்தத் தாளைத் தொட்டால் ஒரு சொல் கூட வராது. சட்டமோ நன்றாகவே இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூலை மாற்ற அனுமதி கேட்கத் தேவையில்லை என்றது. அதையே உலக அளவில் சொல்லும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாதான். 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறந்தது. கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே போய்த் தேடினால் ஆங்கில நூல்களுக்கு முன்னால் தமிழ் நூல்கள் மிகச் சொற்பம்.

பிழைப்பு: கொடுத்ததும் எடுத்ததும்

தொண்ணூறுகளின் சென்னையில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் இல்லாத தெரு கிடையாது. அவற்றில் பல, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கப்பட்டவை. பார்வையற்றவர் மேசையில் உட்கார்ந்து, மீட்டர் பில்லைக் கிழித்துக் கொடுத்து, காசைத் தடவிப் பார்த்து எண்ணி, மரியாதையாகக் குடும்பம் நடத்தினார். அலுவலகங்களில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை இருந்தது. ஐம்பது எக்ஸ்டென்ஷன் நம்பரும் நினைவில் இருக்கும், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். இன்னும் பலர் நாற்காலிக்குப் பிரம்பு பின்னினார்கள்.

செல்போன் வந்தது. பூத்துகள் சில வருடங்களில் காணாமல் போயின. தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்து ஆபரேட்டர் நாற்காலியை எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலி பிரம்பை விரட்டியது. பார்வையற்றவருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுகிற அதே செல்போன்தான் அவர் அண்ணன் தலைமுறையின் சோற்றில் கை வைத்தது. வேலை இழந்த பலர் ஆவடி, திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயில்களில் பேனாவும் ஊதுபத்தியும் செல்போன் உறையும் விற்கப் போனார்கள். இன்றும் போகிறார்கள்.

அந்த வியாபாரத்தின் மீது 2016-ல் இன்னொரு அடி விழுந்தது. பழைய நூறு ரூபாய்த் தாளை விட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் நீளத்தில் 10 மில்லிமீட்டர் பெரியது. விரலிடுக்கில் மடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு வந்த புதிய வரிசையில் நூறு, இருநூறு, ஐந்நூறு ஆகிய தாள்களின் அகலம் ஒன்றே. நீளத்தில் அடுத்தடுத்த தாளுக்கு 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓடும் ரயிலில், கூட்டத்தில், நாலு மில்லிமீட்டரை எந்த விரல் அளக்கும்? இருபது வருடம் பழகிய விரலின் அறிவை ஒரே இரவில் செல்லாததாக்கிவிட்டார்கள். பிறகு 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. போன் கேமராவின் முன் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். செயலி இலவசம்தான். ஆனால் முன்பு விரல் போதும், இப்போது ஸ்மார்ட்போன் வேண்டும். இருந்த திறனைப் பறித்துவிட்டு, அதையே கருவி வாங்கியவருக்கு மட்டும் திருப்பித் தருவது முன்னேற்றம் ஆகாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே காலத்தில் நடந்தது. பெட்டிக்கடைகளில் பணம் வந்ததும் “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று தமிழில் சத்தமாகச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி வந்திருக்கிறதே, அதைப் பார்வையற்றவருக்காக யாரும் செய்யவில்லை. கை ஓயாத கடைக்காரருக்காகச் செய்தார்கள். ஆனால் கடை வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அதைப் போன்ற துணை வேறில்லை. எல்லோருக்குமாகச் செய்த கருவி, தமிழில் பேசுகிற கருவி, சல்லிசான கருவி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறைகிறது.

ஆனால் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் கதை மாறுகிறது. இணைய வழி கேஒய்சி சரிபார்ப்பில் திரை சொல்லும்: “கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்.” கண்ணே இல்லாதவர், அமில வீச்சில் இமைகள் உருகிப்போனவர் எப்படிச் சிமிட்டுவார்? அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. எண்ம சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது சொன்னது. ஒரு மென்பொருளின் சின்ன நிபந்தனை ஒரு மனிதனைக் குடிமகன் என்ற வரிசையிலிருந்தே வெளியே நிறுத்திவிடும் என்பதை நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

படிப்பு கூடிய அளவுக்கு வேலை கூடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016-ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும். பட்டமும் பி.எட்டும் முடித்த பார்வையற்றவர்கள் தங்களுக்குரிய இட ஒதுக்கீட்டைக் கேட்டுச் சென்னைச் சாலைகளில் 2013-லும் உட்கார்ந்தார்கள், 2024-லும் உட்கார்ந்தார்கள். மதுரையின் பூரண சுந்தரி 2019-ம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்ததைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஒருவர் ஏறியதைக் காட்டி, ஏணி எல்லோருக்கும் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

கண்: நூம்பல் சொல்லும் பாடம்

நம் தாத்தா பாட்டி காலத்தில் கண்புரைக்கு அறுவை செய்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். கண்ணுக்குள் இருந்த வில்லையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மூக்கின் மேல் கனத்த கண்ணாடியை வைத்தார்கள். பொருள்கள் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணாடி உடைந்த அன்று மறுபடியும் குருடு.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் கூரை சிதறி விமானிகளின் கண்ணில் தைத்தும், அந்தத் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்ததைக் கவனித்தார் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. 1949-ல் அதே பொருளில் செய்த வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். எண்பதுகளில் பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. இங்கே இறக்குமதி வில்லை ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல். ஆக ஒரே நோய்க்கு உலகத்தில் இரண்டு விதமான கண்கள். பணம் உள்ளவருக்கு உள்ளே வில்லை, இல்லாதவருக்கு வெளியே சோடாபுட்டி.

இந்தப் பிளவை உடைத்தது மதுரை. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு பல்லாயிரம் கண்களுக்கு அறுவை செய்தவர். தன் கையின் குறையைக் கருவியால் கடந்த ஒருவர், பிறர் கண்ணின் குறையைக் கருவியால் கடக்க வழி செய்தார். 1992-ல் அரவிந்த் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து வில்லை போகிறது. கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. அந்த ஏற்பாட்டின் சென்னைக் கிளைதான் நூம்பலில் இருக்கிறது.

ரிட்லியின் வில்லை தானாக ஏழையைத் தேடி வரவில்லை. நாற்பது வருடம் காத்துக் கிடந்தோம். உள்ளூரில் செய்யத் துணிந்தார்கள், விலையை உடைத்தார்கள், யார் பணத்தில் யாருக்கு என்ற கணக்கை மாற்றினார்கள். அதன் பிறகுதான் தொழில்நுட்பம் சமத்துவத்தின் பக்கம் வந்தது. கருவியின் குணம் கருவியில் இல்லை, அதைச் சுற்றி நாம் செய்யும் ஏற்பாட்டில் இருக்கிறது.

அந்த வெற்றியின் மேலேயே இன்று புதிய படிகள் முளைக்கின்றன. கண்புரைக்குப் போனால் தனியார் மருத்துவமனைகளில் வில்லைப் பட்டியலை நீட்டுகிறார்கள். சாதாரண வில்லை, தூரமும் கிட்டமும் சேர்ந்து தெரியும் வில்லை, உருக்குலைவைச் சரிசெய்யும் வில்லை, லேசரால் செய்யும் அறுவை என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. இருண்ட கண்ணுக்கு வெளிச்சம் தருவது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. எழுபது வயதிலும் கண்ணாடியே இல்லாமல் போன் பார்க்கும் கண் வாங்குபவருக்கு மட்டும் கிடைக்கிறது. குறையைத் தீர்ப்பது எங்கே முடிகிறது, திறனைக் கூட்டுவது எங்கே தொடங்குகிறது என்ற எல்லை இந்தப் பட்டியலில்தான் ஓடுகிறது.

நாளை: வாசலில் நிற்பவை

கண்ணுக்கான அடுத்த தலைமுறைக் கருவிகள் ஏற்கெனவே மனிதர்களுக்குள் போய்விட்டன. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக்கு 2013-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 60 மின்முனைகள், விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க முந்நூற்றைம்பது பேர் வரை பொருத்திக்கொண்டார்கள். சில வருடங்களில் நிறுவனம் நொடித்து அந்தத் தயாரிப்பைக் கைவிட்டது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆளில்லை. உடலின் ஒரு பகுதியை ஒரு கம்பெனியின் லாப நஷ்டத்தோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். பரம்பரைப் பார்வையிழப்பு ஒன்றுக்கு 2017-ல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட லக்ஸ்டர்னா மரபணு மருந்தின் விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். 2025-ல் பிரைமா என்ற சின்னஞ்சிறு விழித்திரைச் சில்லின் சோதனை முடிவுகள் வந்தன. முதுமையில் நடுப்பார்வையை இழந்த 38 பேருக்குப் பொருத்தி, ஓராண்டுக்குப் பிறகு சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. நம்பிக்கை தரும் செய்தி. இதன் விலை என்னவாக இருக்கும், இதற்கு ஒரு மதுரை எப்போது பிறக்கும் என்பதுதான் நமது கேள்வி.

இவற்றை விட அருகில் வந்துவிட்டது பேசும் கண்ணாடி. கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்து, எதிரே இருப்பதைச் சொல்லும் ரேபான் மெட்டா கண்ணாடி 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 29,900 ரூபாய். அப்போது தமிழக அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மாதம் 1,500 ரூபாயாக இருந்தது. அதில் ஒரு ரூபாய் செலவழிக்காமல் இருபது மாதம் சேர்த்தால் ஒரு கண்ணாடி. இதற்கு மாறாக, ஐஐடி டெல்லியில் வடிவமைத்து, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து, 2014-ல் அறிமுகமான ஸ்மார்ட்கேன் என்ற கருவியை நினைத்துப் பாருங்கள். மீயொலியால் முட்டியிலிருந்து தலை வரை உள்ள தடைகளை உணர்ந்து, கைப்பிடி அதிர்ந்து எச்சரிக்கும். அப்போது விலை சுமார் 3,000 ரூபாய். கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களுக்கும் தோண்டிப்போட்ட பள்ளங்களுக்கும் நடுவே, சத்தமே இல்லாமல் வரும் மின் ஸ்கூட்டர்களுக்கு இடையே நடக்கிறவருக்கு எது கைக்கு எட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். மேலே மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் பேசும், தரையில் புடைத்த ஓடுகள் வழி காட்டும். படியிறங்கிச் சாலைக்கு வந்தால் நடைபாதையே இருக்காது. கருவிக்கு முன்னால் நடைபாதை வேண்டும். அதற்கு எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்லை, மனம் போதும்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பார்வையற்றவருக்கு உதவி என்று வந்த நுட்பங்கள் இப்போது பார்வையுள்ளவரின் திறனைப் பெருக்கும் சரக்காகிவிட்டன. எழுத்தைப் படித்துச் சொல்வது, படத்தை விவரிப்பது, சொல்லச் சொல்ல எழுதுவது எல்லாம் இன்று எல்லா அலுவலகத்திலும் செயற்கை நுண்ணறிவின் பெயரில் ஓடுகின்றன. போரூர் ஐடி வளாகத்தில் மாதச் சந்தா கட்டி அவற்றைப் பயன்படுத்தும் ஒருவர் முன்பு இரண்டு நாள் எடுத்த வேலையை அரை நாளில் முடிக்கிறார். அந்த வேகமே நாளை எல்லோருக்குமான அளவுகோல் ஆகிவிடும். அப்போது பார்வையற்ற பட்டதாரி மட்டும் பின்தங்க மாட்டார். பட்டாபிராமில் அரசுப் பள்ளியில் படித்து, பழைய போனோடு வேலை தேடும் கண் நன்றாகத் தெரிகிற பிள்ளையும் அதே வரிசையில் பின்னால் நிற்பார். திறன் பெருக்கும் கருவி சிலரிடம் மட்டும் இருக்கும்போது, அது இல்லாததே ஒரு குறைபாடாகிவிடுகிறது. உடலில் எதுவும் மாறாமலே ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகிறார்.

நாம் செய்ய வேண்டியது

இந்தச் சாலையின் அனுபவத்திலிருந்து சில கடமைகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, மொழி. தமிழ்க் குரலுக்கான அடிப்படை வேலையை ஐஐடி மெட்ராஸும் எஸ்எஸ்என் கல்லூரியும் பல வருடங்களாகச் செய்திருக்கின்றன. பொதுப்பணத்தில் உருவான அந்தக் குரல்கள் எல்லாப் போனிலும் எல்லாத் திரைபடிப்பானிலும் இலவசமாகச் சேர வேண்டும். இரண்டாவது, ஆவணம். அரசின் எந்தத் தாளும் படமாக வெளிவரக் கூடாது. யூனிகோடில் வராத அரசாணை வெளியானதாகவே கொள்ளக் கூடாது. மூன்றாவது, விலை. ஆரோலேப் வில்லைக்குச் செய்ததைப் பேசும் கண்ணாடிக்கும், திரையின் எழுத்தை விரலுக்குப் புள்ளிகளாகத் தரும் பிரெயில் காட்டிக்கும், நாளைய விழித்திரைச் சில்லுக்கும் செய்ய ஒரு பொதுத் தொழிற்கூடம் வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் நுண்கருவி செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நான்காவது, பழுது. உடலோடு பொருத்தும் எந்தக் கருவிக்கும், அதைச் செய்த நிறுவனம் மூடினாலும் உதிரிப்பாகமும் வரைபடமும் கிடைக்கும் என்ற சட்ட உறுதி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியை வடிவமைக்கும் மேசையில் பார்வையற்றவர் உட்கார வேண்டும். பிரெயில் எழுத்தும் ஜாஸும் என்விடிஏவும் தேவை உள்ளவர்களே செய்தவை. புதிய ரூபாய்த் தாளின் நீளமும் கண் சிமிட்டச் சொல்லும் திரையும் அவர்களைக் கேட்காமல் முடிவானவை. ஒரு பட்டியல் ஏற்றிவிட்டது, மற்றது தள்ளிவிட்டது. இதை விடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

அன்று ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் இருந்ததா என்பது தீர்மானித்தது. அந்த அநியாயத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வேறு வழி இல்லாத காலம் அது. இன்று வழி இருக்கிறது, நுட்பம் இருக்கிறது, முன்னுதாரணம் மதுரையில் தொடங்கி நூம்பல் வரை வந்து நிற்கிறது. இனி ஒரு பிள்ளை பின்தங்கினால் அது விதி அல்ல, நாம் எடுத்த முடிவு. வரப்போகும் கருவிகள் யாருடைய கைக்குப் போக வேண்டும் என்பதை விலைப்பட்டியல் எழுதுகிறவர்களிடம் விட்டுவிடாமல், சட்டமன்றத்திலும் நகராட்சிக் கூட்டத்திலும் கல்லூரி ஆய்வகத்திலும் நாமே கேட்டு வாங்கித் தீர வேண்டும்.